இருநூறு முறை எழுந்தவர்

பாளையங்கோட்டையில் டயர் கடைக்கு மேல்மாடியில் உடற்பயிற்சிக் கூடம் நடத்திவந்த சேவியருக்கு வயது முப்பத்தொன்று. அவரிடம் மாணவராக வந்து சேர்ந்த தெய்வநாயகத்துக்கு நாற்பத்தேழு.

தெய்வநாயகத்தின் தங்கை வடிவுக்குக் கல்லீரல் கெட்டுவிட்டது. யாராவது தன் ஈரலில் ஒரு பங்கைக் கொடுத்தால் பிழைப்பாள். வடிவின் மகள் கோமதி நான் தருகிறேன் என்றாள். ரத்தமும் பொருந்தியது. கல்யாணமாகாத பெண்ணின் வயிற்றில் கத்தி வைப்பதா என்று சொந்தக்காரர்கள் கூடிப் பேசினார்கள். அந்தக் கூட்டத்தில்தான் தெய்வநாயகம் எழுந்து நின்று, "தாய்மாமன் நான் எதுக்கு இருக்கேன்?" என்றார். பெண்கள் அழுதார்கள். மச்சான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

மதுரையில் டாக்டர் சோதித்துப் பார்த்தார். "உங்க ஈரல்லயும் கொழுப்பு ஏறியிருக்கு. ஒன்றரை மாசத்துல ஒன்பது கிலோ இறங்கிட்டு வாங்க. எடுக்கலாம்."

பிறகு தனியே அழைத்துக் கதவைச் சாத்தினார். "மனசு இல்லேன்னா எங்கிட்டச் சொல்லிருங்க. உடம்பு பொருந்தலேன்னு நாங்களே சொல்லிருவோம். உங்க பேரு கெடாது."

தெய்வநாயகம் நெஞ்சில் கை வைத்தார். "என்கூடப் பிறந்தவ சார்."

சேவியர் முதல் நாளே வழி சொன்னார். "காலையில ஒரு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம் வேகமா நடங்க அண்ணாச்சி. சாப்பாட்டைப் பாதியாக் குறைங்க. இறங்கிரும்."

"வயித்துக்கு ஒண்ணும் இல்லையா மாஸ்டர்?"

"செய்யலாம். கெடுதல் இல்ல. ஆனா அதுல உள்ளே இருக்கற சதைதான் இறுகும். மேலே இருக்கறது வாயைக் கட்டினாத்தான் போகும்."

தெய்வநாயகம் தனக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டார். நடையில் ஒருவன் பாடுபடுவது தெரிவதில்லை. ரேஷன் கடைக்குப் போகிறவனும் நடக்கத்தான் செய்கிறான். வயிற்றுப் பயிற்சி அப்படியில்லை. மல்லாந்து படுத்து, முட்டியை மடக்கி, தலைக்குப் பின்னால் கைகோத்து எழும்போது முகம் சிவக்கும். கழுத்து நரம்பு புடைக்கும். எண்ணிக்கை சொல்லும் குரல் நடுங்கும்.

முதல் வாரம் ஐம்பது. அடுத்த வாரம் நூறு. பிறகு தினமும் இருநூறு. சேவியர்தான் செல்போனைப் பிடித்து வீடியோ எடுப்பார். அது உடனே குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்குப் போகும். மச்சான் கைகூப்பும் படம் போடுவார். "மாமா, நீங்கதான் எங்க சாமி" என்று கோமதி எழுதினாள். வாரம் இரண்டு முறை வயிற்றிலிருந்து நீர் எடுத்துக்கொண்டிருந்த வடிவு, ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்து எழுதினாள்: "போதும்ணே. உடம்பைக் கெடுத்துக்காத."

வீடியோ போய்ச் சேர்ந்ததும் தெய்வநாயகம் படியிறங்கி எதிர் ஓட்டலுக்குப் போவார். இவ்வளவு பாடுபட்ட உடம்பு கேட்கத்தானே செய்யும் என்று இரண்டு செட் பூரி. கூடத்து ஜன்னலில் நின்றால் அந்த ஓட்டலின் முதல் மேஜை தெரியும். "பூரி வேண்டாமே அண்ணாச்சி" என்று சேவியர் ஒருமுறை சொன்னார். "நாளையிலேருந்து மாஸ்டர்" என்றார் தெய்வநாயகம். சேவியர் அதற்குப் பிறகு சொல்லவில்லை.

நாற்பதாம் நாள். மறுசோதனைக்கு ஐந்து நாள் இருந்தது. தெய்வநாயகம் எடை மிஷினில் ஏறினார். வந்து சேர்ந்தபோது தொண்ணூற்றொன்று. இப்போது தொண்ணூற்றிரண்டரை.

"மிஷின்ல கோளாறு மாஸ்டர்."

சேவியர் இருபது கிலோ இரும்புத் தட்டு ஒன்றைத் தூக்கி மிஷின்மேல் வைத்தார். இருபது காட்டியது.

"அப்போ சதை கூடியிருக்கும்."

"கொஞ்சம் கூடியிருக்கும்."

தெய்வநாயகம் துண்டால் முகத்தைத் துடைத்தார். "எனக்கு ஒரு சந்தேகம். எடை இறங்கிக்கிட்டு இருக்கும்போதே வயித்துப் பயிற்சி பண்ணலாமா, கூடாதா? அதுதான் தப்பாப் போச்சோ?"

"எடை இறங்கிக்கிட்டு இருக்கறவங்க பண்ணலாம்."

தெய்வநாயகம் அதைக் கேலி என்று எடுத்துக்கொண்டு சிரித்தார். செல்போனை நீட்டிவிட்டுப் பாயில் படுத்தார். அன்றைக்கு எண்ணிக்கை வழக்கத்தைவிடச் சத்தமாக இருந்தது. நூற்றெண்பதில் குரல் உடைந்தது. இருநூறில் அப்படியே சாய்ந்தார்.

"அனுப்பிருங்க மாஸ்டர்."

"எடுக்கல."

"என்னது?"

"பட்டனை அமுக்கல அண்ணாச்சி."

தெய்வநாயகம் துள்ளி உட்கார்ந்தார். "என்ன மாஸ்டர் இப்படிப் பண்ணிட்டீங்க? அத்தனையும் வீணாப் போச்சே! மறுபடி இருநூறு போடணுமே!"

சேவியர் அவர் முகத்தையே பார்த்தார். தெய்வநாயகத்தின் வாய் மெல்ல மூடிக்கொண்டது. கீழே கடையில் யாரோ டயரைச் சுத்தியலால் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

தெய்வநாயகம் துண்டை எடுத்து மடித்தார். "முடியாதுன்னு நான் யார்கிட்டயும் சொன்னதில்ல மாஸ்டர்."

"வாயால சொல்லல."

"ஆஸ்பத்திரில பொருந்தலேன்னு சொன்னா, அதுக்கு நான் என்ன பண்ண முடியும்? கோமதி இருக்கா. அவ கொடுப்பா."

"நாற்பது நாளைக்கு முந்தியே கொடுத்திருப்பா."

செல்போன் சேவியரின் கையிலேயே ஒலித்தது. அவர் பார்த்துவிட்டு, பார்த்ததை அப்படியே படித்தார். "வடிவு அனுப்பியிருக்காங்க. 'இன்னைக்கு வீடியோ வரலியே அண்ணே. உனக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?'"

தெய்வநாயகம் கையை நீட்டிப் போனை வாங்கினார். எழுத்துகளின் மேல் விரல் நின்றது. "சார்ஜ் இல்லேன்னு போட்டுரட்டுமா?"

சேவியர் பாயின் ஓரத்தில் குனிந்து உட்கார்ந்தார்.

"தினமும் இருநூறு தடவை எந்திரிச்சுச் சொன்னதை, இப்போ ஒரே ஒரு தடவை வாயால சொல்லுங்க அண்ணாச்சி."