நீக்கச் சொன்ன வரி

நகர்மன்றக் கூட்டத்தில் யார் என்ன பேசினாலும் எழுதிவைப்பது குமாஸ்தா மரகதவல்லியின் வேலை. ஏரியில் மண் கொட்டக் கூடாதென்று கோர்ட் தடை போட்டிருந்த சமயம், தலைவர் வேதமாணிக்கம் கூட்டத்தில், "தடை கிடக்கட்டும், கொட்டுங்க!" என்று முழங்கினார். அதையும் அவள் எழுதிவிட்டாள்.

கோர்ட் அந்தக் குறிப்பேட்டைக் கேட்டதும் தலைவர் அவளை அழைத்தார்.

"நான் அப்படிப் பேசவே இல்லம்மா. அந்த வரியை நீக்கிடு. இல்லேன்னா நாளைக்கு உனக்கு வேலை இல்ல."

கோர்ட் கேட்ட ஏட்டில் கை வைத்தால் ஜெயில். மரகதவல்லி ஒரு தாளையும் பேனாவையும் அவர் முன் வைத்தாள்.

"எந்த வரின்னு உங்க கையால எழுதிக் குடுத்துடுங்க ஐயா. ஆக வேண்டியதைப் பாக்கிறேன். உங்க உத்தரவுன்னா யாரு கேக்கப்போறா?"

தலைவருக்கு அந்தப் பேச்சு இனித்தது. ஒரு சொல் விடாமல் எழுதி, 'இதை நீக்கவும்' என்று கையெழுத்தும் போட்டார்.

மறுநாள் கோர்ட்டில் நீதிபதி ஏட்டைப் புரட்டினார். நடுவே ஒரு தாள் செருகியிருந்தது. "இது என்னம்மா தாள்?"

"அந்த வரியை நீக்கச் சொல்லித் தலைவர் எழுதின உத்தரவுங்க," என்றாள் மரகதவல்லி. "கோர்ட் கேட்ட ஏடாச்சே, உங்க அனுமதியில்லாம நீக்கலாமான்னு தெரியலீங்க."

நீதிபதி தாளை உரக்கப் படித்தார். தலைவர் துள்ளி எழுந்தார். "நான் அப்படிப் பேசவே இல்லைங்க!"

"பேசாத பேச்சு வார்த்தைக்கு வார்த்தை உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

தலைவர் வக்கீலைப் பார்த்தார். வக்கீல் சன்னலைப் பார்த்தார்.

ஏரிக்கரைக்கு மண் கொண்டுவந்த லாரிகள் அன்று மாலையே கொட்டாமல் திரும்பிப் போய்விட்டன. மரகதவல்லி அடுத்த கூட்டத்துக்குப் பேனாவில் மை நிரப்பினாள்.