மூன்று முழுக்கு

"போடலாமா, வேண்டாமா? ஒரே வார்த்தையில சொல்லுங்க சாமி."

அஞ்சலை டீச்சர் ஆற்றங்கரைக்கு வந்ததும் கேட்டது இதைத்தான். உட்காரக்கூட இல்லை.

பரிசல் சாமி, கவிழ்த்துப் போட்ட பரிசலுக்குத் தார் பூசிக்கொண்டிருந்தார். எட்டாம் வகுப்பில் இதே டீச்சரிடம் கணக்கில் பதினொரு மதிப்பெண் வாங்கியவர். இன்று ஊரே அவரிடம் வந்து யோசனை கேட்கிறது, டீச்சர் உட்பட. காலம் யாரை எங்கே உட்கார வைக்கும் என்று யார் கண்டார்கள்!

"எதைப் போடறதுங்க டீச்சர்?"

"மாலையை. நாளைக்குத் தியாகி சபாநடேசருக்கு நூற்றாண்டு விழா. சிலைக்கு நான்தான் மாலை போடணுமாம்."

இன்று ஊர்ப் பள்ளிக்குத் தலைமை ஆசிரியையான டீச்சர் பிறந்தது ஊர்க்கோடியில் இருக்கும் காலனியில். ஒவ்வொரு விழாவுக்கும் முதல் நாள், அந்தக் காலனியிலிருந்து நாலு பேர் வந்து ஏணி போட்டு, சிலைமேல் இருக்கும் காக்கை எச்சத்தைக் கழுவுவார்கள். மறுநாள், அவர்கள் மிதித்த படி தெரியாமல் ஏணிக்கு வெள்ளைத் துணி சுற்றுவார்கள். பெரிய மனிதர் யாராவது ஏறி மாலை போடுவார். கழுவியவர்கள் கீழே நின்று கைதட்டுவார்கள். நாற்பது வருட வழக்கம்.

"காலனியிலிருந்து மொத ஆளு நீங்கதான். நல்ல சேதிதானே?"

"முந்தாநாள் வரைக்கும் நல்ல சேதிதான்."

டீச்சர் பையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்தார். விழாவுக்காக அச்சிட்ட சபாநடேசரின் நாட்குறிப்பு.

பாதிக் கதை ஊரறிந்தது. சுதந்திரப் போராட்டத்தில், அக்கரையில் கொடி ஏற்றவிடாமல் போலீஸ் பரிசல்களையெல்லாம் பிடுங்கி வைத்திருந்த வெள்ளக் காலம். டீச்சரின் தாத்தா சடையன், கழுத்தளவுத் தண்ணீரில் சபாநடேசரைத் தோளில் சுமந்து அக்கரை சேர்த்தார். அன்று அங்கே கொடி ஏறியது.

மீதிக் கதையை டீச்சர் படித்தார்.

"'கரையேறியதும், சடையனைத் தொட்ட தீட்டுக் கழிய மூன்று முழுக்குப் போட்டேன். அவன் பார்த்துக்கொண்டு நின்றான்.'"

சாமியின் கை நின்றது.

"அவரே எழுதினது சாமி. எங்க தாத்தா சாகற வரைக்கும் தூக்கினதைச் சொன்னாரு. முழுகினதைச் சொல்லவே இல்ல."

"அடுத்த பக்கம்?"

டீச்சர் புத்தகத்தை மூடினார். அது அவருக்கு மனப்பாடம்.

"மறு வாரம் போலீஸ் தாத்தாவைக் கட்டி வெச்சு அடிச்சுது. கேள்விப்பட்டதும் இவரு தானா வந்து நின்னாரு. 'அவனை விடு, என்னைப் பிடி'ன்னாரு. ரெண்டு வருஷம் ஜெயிலு. அடியில முன்பல்லு நாலும் போச்சு." புத்தகத்தைப் பைக்குள் திணித்தார். "இதுல யாரு சாமி நெசம்? முழுகினவரா, வந்து நின்னவரா?"

சாமி தார் டப்பாவை மூடினார்.

"போட்டா தாத்தாவுக்குத் துரோகம். போடலைன்னா எங்கப்பா தாங்கமாட்டாரு. ஒரு வாரமா சட்டைக்குக் கஞ்சி போட்டு மடிச்சு வெச்சுக்கிட்டு உக்காந்திருக்காரு."

சாமி எழுந்து போய், ஒரு வாளியும் கொஞ்சம் தேங்காய் நாரும் கொண்டுவந்து வைத்தார்.

"இன்னிக்குக் கழுவற நாளு. போய்க் கழுவிட்டு வாங்க."

"நான் கேட்டதுக்கு இதுவா பதிலு?"

"கணக்கு தப்பாப் போட்டா நீங்க முட்டி போட வெப்பீங்க. நான் கழுவத்தானே சொல்றேன்?"

டீச்சர் வாளியை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு போனார்.

தலைமை ஆசிரியை சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏணியில் ஏறுவதைப் பார்த்து, கழுவ வந்த நாலு பேரும் திகைத்துப் போனார்கள்.

பள்ளிக்குப் போகும்போதெல்லாம் அண்ணாந்து பார்த்த முகம், கிட்டத்தில் சின்னதாக இருந்தது. மூக்குக்கண்ணாடி மேல் எச்சம். காதுக்குள் சிலந்திக்கூடு. சிற்பி வாயை மூடிச் செய்திருந்தார், போன பற்கள் தெரியவில்லை.

டீச்சர் கோபத்தோடுதான் தேய்த்தார். நெற்றியை, தோளை, கையை. தலையில் தண்ணீர் ஊற்றும்போது மட்டும், வீட்டில் அப்பாவுக்குச் சொல்வதுபோல வாய் தானாகச் சொன்னது:

"கண்ணை மூடிக்கங்கய்யா."

உச்சி வெயிலில் திரும்பி வந்தார். சேலையெல்லாம் எச்சமும் பாசியும்.

"ஆச்சுங்களா?"

"ஆச்சு."

சாமி அவரைத் தலை முதல் கால் வரை பார்த்தார். "ஆத்தோரமாத்தானே வந்தீங்க? மூணு முழுக்குப் போடலீங்களா?"

"அவரைத் தொட்டதுக்கு நான் எதுக்கு முழுகணும்?"

சொன்ன பிறகுதான், சொன்னது டீச்சரின் காதில் விழுந்தது.

ஆற்றைப் பார்த்தார். அங்கேதான் எங்கேயோ தாத்தா நின்றிருப்பார், ஈரத்தோடு, பார்த்துக்கொண்டு.

அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. தாத்தாவுக்காக அழுதார். பிறகு பார்த்தால், அந்த இன்னொருவருக்காகவும் அழுதுகொண்டிருந்தார்.

"பாவம் சாமி அவரு."

சாமி தார் டப்பாவை எடுத்துக்கொண்டு பரிசல் பக்கம் திரும்பினார்.

"நாளைக்கு எத்தனை மணிக்குங்க டீச்சர்?"

"பத்து மணிக்கு." மூக்கைத் துடைத்துக்கொண்டார். "ஏணிக்கு அந்தத் துணியைச் சுத்தக் கூடாதுன்னு இப்பவே போய்ச் சொல்லணும்."