காரியின் தொப்பையும் கடைசிக் காம்பும்

மூங்கில் காட்டுக்கு நடுவே ஒரு குளம் இருந்தது. அந்தக் குளக்கரையில் ஒரு பன்றிக் கூட்டம் வாழ்ந்து வந்தது. கூட்டத்தில் இரண்டு வகைப் பன்றிகள் இருந்தன. கறுப்பு நாட்டுப் பன்றிகள் அங்கேயே பிறந்து வளர்ந்தவை. வெள்ளைச் சீமைப் பன்றிகள், ஒரு பெருமழையில் பண்ணைச் சுவர் இடிந்தபோது தப்பித்தோம் பிழைத்தோம் என்று ஓடி வந்தவை. வந்தவர்களை யாரும் விரட்டவில்லை. புரளுவதற்குச் சேறு நிறையவே இருந்தது.

காரி கறுப்புப் பன்றி. அவள் வயிறு தரையைத் தொடும். அவள் நடந்தால் சேற்றில் நாலு குளம்புத் தடமும் நடுவில் ஒரு கோடும் விழும். வெள்ளாயி வெள்ளைப் பன்றி. நீண்ட உடம்பு, ஒட்டிய வயிறு. இருவரும் தோழிகள். இருவரும் ஒரே வாரத்தில் குட்டி போட்டார்கள்.

காரிக்குப் பதினொரு குட்டிகள். ஆனால் அவளுக்கு இருந்தது பத்துக் காம்புகள்தான். வெள்ளாயிக்கோ ஐந்தே குட்டிகள்.

"வெள்ளாயி, இந்தப் பொடியனை உன் மடியில சேத்துக்கிறியா?" என்று கேட்டாள் காரி.

"இதெல்லாம் ஒரு கேள்வியா? குடு இப்படி!" என்றாள் வெள்ளாயி.

பன்றிக் குட்டிகளிடம் ஒரு பிடிவாதம் உண்டு. பிறந்த ஓரிரு நாளிலேயே ஆளுக்கு ஒரு காம்பைப் பிடித்துக்கொள்ளும். பிறகு உயிரே போனாலும் விடாது. வெள்ளாயியின் ஐந்து குட்டிகளும் பால் பொங்கும் முன்காம்புகளைப் பிடித்துக்கொண்டன. பக்கத்தில் வந்த கறுப்புக் குட்டியை முட்டித் தள்ளின. கடைசியில் அவனுக்குக் கிடைத்தது கடைசிக் காம்பு. அதில் பால் வருவதே அபூர்வம். அவன் அதையே சப்பிக்கொண்டு கிடந்தான். அவனுக்குப் புளியங்கொட்டை என்று செல்லப் பெயர் வைத்தாள் வெள்ளாயி.

கோடை வந்தது. அந்தக் கூட்டத்தில் ஒரு நல்ல ஏற்பாடு இருந்தது. மழைக்காலம் முடிந்ததும் எல்லோரும் சேர்ந்து கிழங்கு தோண்டி, கரையோரம் ஒரு குழியில் போட்டு மண்ணால் மூடிவிடுவார்கள். கோடையில் தினமும் காலையில் தலைவன் வளைபல்லன் குழியைத் திறப்பான். ஆளுக்கு நாலு கிழங்கு. கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

ஒருநாள் காலையில் குழியைத் திறந்த வளைபல்லன், "ஐயோ!" என்று அலறினான். கிழங்கு பாதிக்குப் பாதி காணவில்லை!

எல்லோரும் கூடினார்கள். எல்லோர் கண்களும் தானாகவே ஒரு பக்கம் திரும்பின. காரியின் தொப்பைப் பக்கம்!

வெள்ளாயிக்கு அன்று பசி. பசி வந்தால் நட்பு கொஞ்சம் தள்ளி நிற்கும் போலும். அவளே முதலில் வாயைத் திறந்தாள்.

"ஏண்டி காரி! எல்லாருக்கும் நாலு கிழங்குதான். அஞ்சு குட்டிக்கும் உன் பிள்ளைக்கும் பால் குடுத்து எனக்கு விலா எலும்பு தெரியுது. நீ பத்துக் குட்டிக்குப் பால் குடுக்கிற. உனக்கு மட்டும் எப்படிடி வயிறு தரையைத் தொடுது?"

"நீ தின்ன நாலைத்தான் நானும் தின்னேன்!" என்றாள் காரி. "என் உடம்பு இப்படித்தான். நீ வந்த நாளா என்னைப் பாக்கிறியே!"

"அப்போ வந்த நாளா திருடுறியோ என்னமோ!"

காரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மற்றவர்கள் சொல்லியிருந்தால் திருப்பிச் சண்டை போட்டிருப்பாள்.

"சும்மா வாய்ச்சண்டை வேண்டாம்! இடுக்குப் பாறை சொல்லட்டும்!" என்றான் வளைபல்லன்.

குளத்துக்கு மேற்கே இரண்டு பாறைகள் நெருக்கமாக நின்றன. கூட்டத்தில் எது காணாமல் போனாலும் எல்லோரும் அந்த இடுக்கில் நுழைந்து வெளியே வர வேண்டும். மாட்டிக்கொண்டவரே திருடர்! திருடித் தின்றவர் பெருத்திருப்பார், பெருத்தவர் மாட்டுவார். இதுதான் அவர்களுடைய சட்டம். இதைக் கண்டுபிடித்தது யார் என்று தெரியவில்லை. ஆனால் அவர் ஒல்லியாகத்தான் இருந்திருப்பார்.

வளைபல்லன் நுழைந்தான், வந்தான். வெள்ளாயி வழுக்கிக்கொண்டு வந்தாள். ஒவ்வொருவராக எல்லோரும் வந்தார்கள். மற்றக் கறுப்புப் பன்றிகளுக்குக் காரி அளவுக்குத் தொப்பை இல்லை. கடைசியாகக் காரி நுழைந்தாள். தலை வந்தது. முன்னங்கால் வந்தது. வயிறு வரவில்லை!

வாலைப் பிடித்துப் பின்னால் இழுத்துத்தான் அவளை வெளியே எடுத்தார்கள். விலா இரண்டு பக்கமும் சிராய்த்துவிட்டது.

"பாறை சொல்லிவிட்டது!" என்றான் வளைபல்லன். "பொழுது சாய்வதற்குள் நீ ஆற்றைத் தாண்டிப் போய்விட வேண்டும்!"

ஆற்றுக்கு அந்தப் பக்கம் சிறுத்தை இருந்தது. அது எல்லோருக்கும் தெரியும்.

"என் குட்டிங்க?" என்று கேட்டாள் காரி.

"உன் குட்டிங்க உன்னோடதான். இங்கே யார் பால் குடுக்கிறது?" என்றான் வளைபல்லன்.

அப்போது வெள்ளாயி முன்னால் வந்தாள். "புளியங்கொட்டை மட்டும் என்கிட்ட இருக்கட்டும். அவன் திருட்டுச் சோத்துல வளரல. என் பால் குடிச்சு வளந்தவன்!"

காரி தலையாட்டினாள். பத்துக் குட்டிகளையும் கூட்டிக்கொண்டு ஆற்றை நோக்கி மெதுவாக நடந்தாள். ஒரு பிள்ளையாவது பிழைக்கும் என்று நினைத்தபோது அவளுக்கு அழுகை வந்தது.

பெரியவர்கள் செய்வதைக் குட்டிகள் விளையாடிப் பார்ப்பது வழக்கம்தானே? குளக்கரை மருத மரத்தின் வேர்களுக்கு நடுவே ஒரு சின்ன இடுக்கு இருந்தது. வெள்ளாயியின் குட்டிகள் அங்கே பாறை விளையாட்டு விளையாடின. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, ஐந்து! வெள்ளைக் குட்டிகள் எல்லாம் சரசரவென்று நுழைந்து வந்தன. ஆறாவதாகப் புளியங்கொட்டை நுழைந்தான். மாட்டிக்கொண்டான்!

"திருடன்! திருடன்! ஆத்துக்கு அந்தப் பக்கம் போ!" என்று ஐந்தும் கூச்சலிட்டன. அவன் வீலென்று கத்தினான்.

வெள்ளாயி பாய்ந்து வந்தாள். "எவண்டா என் பிள்ளையைத் திருடன்னு சொன்னது?"

"நாங்கதான்மா! அவன் மாட்டிக்கிட்டானே! மாட்டினவன் திருடன்தானே?"

"வாயை மூடுங்க! அவன் இதுவரை ஒரு கிழங்கைக் கடிச்சதில்ல! என் பாலைத் தவிர எதுவும் தெரியாது! அதுவும் கடைசிக் காம்பு! உங்களை விடக் கொஞ்சமாத்தான் குடிச்சான்! அப்படியும்..."

வெள்ளாயி சட்டென்று நின்றாள். புளியங்கொட்டையின் வயிற்றைப் பார்த்தாள். பட்டினிக் காம்பைச் சப்பியும் உருண்டு திரண்டிருந்தது. முன்காம்புப் பால் குடித்த தன் குட்டிகளைப் பார்த்தாள். ஐந்தும் ஒடிசலாகவே இருந்தன. மடி ஒன்று, பால் ஒன்று. உடம்புதான் வேறு. அது அவரவர் தாய் வழியாக, அவள் தாய் வழியாகக் கூடவே பிறந்து வந்தது!

"ஐயையோ, என்ன காரியம் செஞ்சுட்டேன்!" என்று கத்திக்கொண்டு ஆற்றை நோக்கி ஓடினாள். அத்தனை வேகமாக அவள் பண்ணையிலிருந்தும் ஓடி வந்ததில்லை.

காரியின் முன்னங்கால் இரண்டும் அப்போது தண்ணீரில் இருந்தன.

"காரி, நில்லுடி! போகாதே!"

சத்தம் கேட்டு வளைபல்லனும் ஓடி வந்தான். வெள்ளாயி மூச்சு வாங்கிக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். "எங்களைப் பண்ணையில ஒல்லியானதாப் பாத்துப் பாத்து ஏழு தலைமுறையா வளத்தாங்க. எனக்குத் தின்னது ஒட்டாது. இவ வம்சத்துக்குக் கோடைக்குன்னு கொழுப்பு உடம்பிலேயே சேந்துக்கும். இவ திருடின்னா, பால்குடி மறக்காத அந்தப் பிள்ளையும் திருடன்தான்! அவனையும் சிறுத்தைகிட்ட அனுப்புவீங்களா? சொல்லுங்க!"

வளைபல்லன் தலையைச் சொறிந்தான். "அனுப்ப முடியாதுதான். ஆனா கிழங்கை யார்தான் எடுத்தது?"

அந்தக் கேள்வியை அதுவரை யாருமே கேட்கவில்லை! தொப்பையைப் பார்த்தவர்கள் குழியைப் பார்க்கவில்லை. இப்போது எல்லோரும் குழிக்குள் குனிந்தார்கள். அடியில் ஒரு வளை! வளைக்குள் ஒரு பெருச்சாளி! அது கிழங்கைக் கடித்துக்கொண்டே எட்டிப் பார்த்தது.

"ஒரு மாசமா அடியிலேர்ந்து எடுக்கிறேன். இன்னைக்குத்தான் குனிஞ்சு பாக்கத் தோணுச்சா?" என்று கேட்டுவிட்டு ஓட்டமெடுத்தது.

வளையைத் தோண்டினார்கள். காணாமல் போனதில் முக்கால்வாசிக் கிழங்கு உள்ளே பத்திரமாக இருந்தது. "அப்பாடா!" என்று கூட்டமே பெருமூச்சு விட்டது. கோடையைக் கடந்துவிடலாம்.

வெள்ளாயி தலைகுனிந்து நின்றாள். "காரி, என்னை மன்னிச்சிடுடி."

"மன்னிக்கிறேன். முதல்ல என் விலாவுல ஒட்டியிருக்கிற பாறைத்தூளைத் தட்டி விடு, எரியுது!" என்றாள் காரி. பிறகு அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. பத்துக் குட்டிகளும் அவள் மடியில் பாய்ந்தன. புளியங்கொட்டை இரண்டு அம்மாக்களையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு ஓடிப்போய் வெள்ளாயியின் கடைசிக் காம்பைப் பிடித்துக்கொண்டான்.

அன்றிலிருந்து இடுக்குப் பாறையில் யாரும் திருடர் தேடுவதில்லை. முதுகு அரித்தால் மட்டும் போய் உரசிக்கொள்கிறார்கள்.

பிறப்போடு வந்த உடம்பை வைத்து ஒருவரின் குணத்தை எடை போடக் கூடாது.