மூக்கால் அடித்த முத்திரை

ஒரு காலத்தில் ஏழேரி நாட்டைத் திருமேனிநாதன் என்று ஒரு ராசா ஆண்டு வந்தான். நல்ல மனுசன்தான். ஆனால் காலையில் ஒரு சட்டம் போடுவான், மத்தியானம் ஒரு சட்டம் போடுவான். தூக்கம் வராவிட்டால் அதற்கும் ஒரு சட்டம்.

ஒரு நாள் ராசா பட்டத்து யானை மேல் ஏறி நகர்வலம் போனான். சந்து முனையில் யானையின் முன்னங்கால் பொதுக்கென்று உள்ளே இறங்கிவிட்டது. எவனோ தன் வீட்டுக் கழிவுக்குழி மேல் நாலு பலகையைப் போட்டு, மண்ணைத் தள்ளி மூடி வைத்திருந்தான். யானை காலை உதறிய உதறலில் கிரீடம் முதற்கொண்டு கழுவ வேண்டியதாயிற்று.

குளித்து முடித்த கையோடு ராசா சட்டம் போட்டான். வீட்டுக்கு வீடு அதிகாரி போய்க் கழிவுக்குழியைப் பார்க்கணும். சரியாக இருந்தால் வாசல் நிலையில் செப்பு முத்திரை. முத்திரை இல்லாத வீட்டுக்காரன் ஆடி பிறக்குமுன் ஊரைக் காலி பண்ணணும்.

"குழி வெட்டிப் பழகின ஆளாப் பார்த்துப் போடலாம் ராசா" என்றார் மந்திரி செவ்வந்தியப்பர்.

சபையில் சுகந்தராயர் என்று ஒருவர் இருந்தார். அரண்மனைக்கு அத்தரும் சந்தனமும் மோந்து பார்த்து வாங்குவதுதான் அவர் உத்தியோகம். மந்திரியைக் கண்டால் அவருக்கு வயிறு எரியும். "பிரபு, வாசனையைக் கண்ணை மூடிக்கிட்டுச் சொல்றவன் நான். நாத்தத்தைச் சொல்ல எனக்கா தெரியாது? மண்வெட்டி புடிக்கிறவனுக்கு எதுக்கு ராஜமுத்திரை?" என்றார். ராசாவுக்கு அது பிடித்துப்போயிற்று. உத்தியோகம் ராயருக்குப் போயிற்று.

ராயர் பல்லக்கை விட்டுக் கீழே இறங்கவே இல்லை. வாசலில் பல்லக்கு நிற்கும். திரை விலகும். ஒரு மூக்கு மட்டும் வெளியே வரும். நாற்றம் இல்லையென்றால் முத்திரை. ஜனங்கள் விவரமானவர்கள். ராயர் வருகிற நாளில் குழியோரம் சட்டி நிறையச் சாம்பிராணி போட்டார்கள். ஊரே கோயில் மாதிரி மணந்தது. குழிகள் மட்டும் பழைய குழிகளாகவே இருந்தன.

கருவாட்டுக்காரி காத்தாயி வீட்டு வாசலுக்குப் பல்லக்கு வந்தது. மூக்கு வெளியே வந்த வேகத்தில் உள்ளே போயிற்று. "முத்திரை கிடையாது. ஊரைக் காலி பண்ணு."

"அய்யா, அது நெத்திலிக் கருவாடு. குழி கொல்லைக் கடைசியில இருக்கு, செங்கல் வச்சுக் கட்டினது. இறங்கி வந்து ஒரு தடவை பாருங்க."

"என் மூக்குக்கு நீ பாடம் சொல்றியா?" பல்லக்கு போய்விட்டது.

காத்தாயி நேரே சபைக்கு வந்தாள். "மவராசா, புருசன் கடலோட போனப்புறம் எனக்குன்னு இருக்கிறது அந்த வீடு ஒண்ணுதான். குழி சரியில்லைன்னா நானே போயிடுறேன். குழம்பு கொதிச்சதுக்கா ஊரை விட்டுப் போகணும்?"

மந்திரி எழுந்தார். "ராசா, மூக்கு பொய் சொல்லும்னு நான் காட்டுறேன். வெள்ளிக்கிழமை வரைக்கும் பொறுங்க."

"காட்டலைன்னா, அவளோட சேர்ந்து நீரும் மூட்டையைக் கட்டும்" என்றான் ராசா.

ராயர் சிரித்தார். "பேஷாக் காட்டட்டும் பிரபு. முதல் முத்திரை அடிச்சது என் வீட்டுக்குத்தான். அந்த வீட்டுக் கிணத்துத் தண்ணியைத்தான் பிரபுவே குடிக்கிறீங்க."

"அமிர்தமய்யா அது" என்று ராசா நாக்கைச் சப்புக்கொட்டினான். "ஒரு தனி ருசி."

தனி ருசி என்றதைக் கேட்டதும் மந்திரி நேரே சாயக்காரத் தெருவுக்குப் போனார். இரண்டு குடம் அவுரிச் சாயம் வாங்கினார். ஒரு குடத்தை ஊர் பார்க்கக் காத்தாயி வீட்டுக் குழியில் ஊற்றினார். இன்னொரு குடத்தோடு ராயர் வீட்டுக்கு விருந்துக்குப் போனார். பாதிச் சாப்பாட்டில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"கொல்லைப் பக்கம் எங்கே ராயரே?"

"கிணத்தை ஒட்டித்தான். அதுக்கு எதுக்கு மந்திரியாரே குடம்?"

"என் வயித்தோட லட்சணம் உமக்குத் தெரியாது."

வெள்ளிக்கிழமை சபை கூடியது. ராசா வழக்கம்போல் தங்கச் செம்பைத் தூக்கி, அண்ணாந்து கண்ணை மூடிக்கொண்டு மடமடவென்று குடித்தான். "ஆகா" என்று வாயைத் திறந்தான். எதிரே நின்ற சேவகன் தலையைக் குனிந்துகொண்டான். சேனாதிபதி தூணைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். கண்ணாடி கொண்டுவரச் சொல்லிப் பார்த்தால், ராசாவின் நாக்கு நாவல்பழம் தின்ற பிள்ளையின் நாக்கு மாதிரி நீலமாக இருந்தது.

"என்ன மந்திரி இது?"

"அவுரிச் சாயம் ராசா. காத்தாயி குழியிலும் ஊத்தினேன், ராயர் குழியிலும் ஊத்தினேன். இதோ காத்தாயி கிணத்துத் தண்ணி, பளிங்கு மாதிரி இருக்கு. ராயர் கிணத்துத் தண்ணி..."

"அப்படின்னா இத்தனை நாள் நான் குடிச்சது?"

"சொல்ல என் நாக்குக் கூசுது. உங்க நாக்கே சொல்லுதே ராசா."

ராசா எழுந்து ஓடினான். கொஞ்ச நேரம் கழித்து வாய் கொப்பளித்துவிட்டுத் திரும்பி வந்தான். ராயர் தலை போய்விடும் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

"ராயரே, உம்ம உத்தியோகத்தை நான் பறிக்கலை" என்றான் ராசா. "ஆனா இனிமே மூக்கு வேண்டாம். எந்த வீட்டுக்கு முத்திரை அடிக்கிறீரோ, அந்த வீட்டுக் கிணத்துல ஒரு செம்பு தண்ணி குடிச்சிட்டு அடியும். ஏற்கெனவே அடிச்ச வீடுகளுக்கும் அதே கணக்குத்தான். நாளையிலிருந்து."

காத்தாயிக்குச் செப்பு முத்திரைக்குப் பதில் வெள்ளி முத்திரை கிடைத்தது. மந்திரிக்கு ராசா தன் மோதிரத்தைக் கழற்றிக் கொடுத்தான். ஆனால் ஊர் பார்த்துச் சிரித்தது வேறொன்றை. மறுநாளிலிருந்து ராயர் பல்லக்கைப் பூட்டி வைத்துவிட்டார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, குழி வெட்டுகிறவர்களைக் கையோடு கூட்டிக்கொண்டு வீடு வீடாக ஓடினார். "கிணத்துப் பக்கத்துல குழி கூடாதுங்க. தள்ளி வெட்டுங்க, செங்கல் வச்சுக் கட்டுங்க. நான்தானே குடிக்கணும்" என்று கெஞ்சினார். கூடவே கடப்பாரையும் பிடித்தார். ஒரே கோடையில் ஊர்க் குழி அத்தனையும் நேராகிவிட்டது.

வெயிலில் நா வறண்டு அவர் வந்து நின்றது காத்தாயி வாசலில். உள்ளே நெத்திலி கொதித்துக்கொண்டிருந்தது. அவள் செம்பை நீட்டினாள்.

"மூக்கைப் பொத்திக்கிட்டுக் குடிப்பீங்களா அய்யா?"

ராயர் ஒரே மூச்சில் குடித்துவிட்டுச் செம்பைத் திரும்ப நீட்டினார்.

"இன்னொரு செம்பு கொடு தாயி. அப்படியே அந்தக் குழம்புலயும் ரெண்டு கரண்டி."