வாசப்படி மிதிக்காத மாப்பிள்ளை

நேர்ப்பட்டிக்கு வழி கேட்டால் "நேராப் போங்க" என்பார்கள். கண்மாய்க்கரையில் ரோடு வளைவதை யாரும் சொல்வதில்லை. அந்த ஊர்க்காரர்களிலேயே பாதிப் பேர் நனைந்துதான் வீடு வந்து சேர்வார்கள். மற்றபடி தங்கமான மனிதர்கள். ஒன்றைச் சொல்லிவிட்டால் போதும், சொன்ன சொல் பிசகாமல் செய்துவிடுவார்கள். தொல்லையே அதுதான்.

அந்த ஊர் மொக்கச்சாமியின் பெண்டாட்டி பேச்சியம்மாள் கோபித்துக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போய்விட்டாள். எல்லாம் பாலால் வந்த வினை. மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போகும்போது, "பால் பொங்குனதும் எறக்கி வைங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். பால் பொங்கியது. மொக்கச்சாமி பாலைக் கரண்டி கரண்டியாக மொண்டு, கீழே இருந்த குண்டானில் பத்திரமாக இறக்கினான். சட்டியை இறக்கச் சொல்லவில்லையே, அதனால் அது அடுப்பிலேயே இருந்தது. பேச்சி திரும்பி வருவதற்கும் அது இரண்டாக வெடிப்பதற்கும் சரியாக இருந்தது.

அவளும் எத்தனையைத்தான் பொறுப்பாள்? பையில் சேலையைத் திணித்துக்கொண்டே கத்தினாள்.

"இனி என் மூஞ்சியில முழிக்காதீங்க! எங்க அண்ணன் வீட்டு வாசப்படிய மிதிச்சீங்க, அப்புறம் நான் மனுசியா இருக்க மாட்டேன்! ஒங்க நெழலுகூட அந்தப் பக்கம் விழக் கூடாது!"

அன்றிலிருந்து மொக்கச்சாமிக்குச் சோறு இறங்கவில்லை. சும்மா இருந்தாலும் கண்ணில் தண்ணீர் வந்தது. இதற்கிடையில், வெள்ளிக்கிழமை பஞ்சாயத்தைக் கூட்டி இரண்டு பேரையும் அத்துவிடப் போவதாக மச்சான் சின்னக்காளை சொல்லி அனுப்பினார். அத்துவிட்டால் அவ்வளவுதான். பேச்சி வேறு, இவன் வேறு.

வியாழக்கிழமை விடிந்ததும் மொக்கச்சாமி தன் சேக்காளிகள் இரண்டு பேரையும் கூப்பிட்டான். ஒருவன் கருத்தாண்டி, பலசாலி. இன்னொருவன் ஒச்சப்பன், படிப்பாளி. அதாவது, பள்ளிக்கூடத்துக்குச் சுண்ணாம்பு அடிக்கப் போனபோது, ஏணியில் நின்றபடியே ஜன்னல் வழியாக அணி இலக்கணம் கேட்டவன். எல்லாம் கேட்கவில்லை. முக்கியமான இடம் வரும்போது அவன் அடுத்த சுவருக்குப் போகவேண்டியதாகிவிட்டது.

"பேச்சுல ரெண்டு வகை இருக்கு மாப்ளே," என்றான் ஒச்சப்பன். "ஒண்ணு நேரு. இன்னொண்ணு உருவகம். புலி வந்தான், மயில் வந்தாள்னு வாத்தியார் சொன்னாரு. நான் எட்டிப் பார்த்தேன். புலியும் வரல, மயிலும் வரல. அதனால, பேச்சுல மிருகமோ பறவையோ வந்துச்சுன்னா அது உருவகம். அது மனுசனைத்தான் குறிக்கும். வரலைன்னா நேரு."

"பேச்சி சொன்னதுல மிருகம் வந்துச்சா?" என்று கேட்டான் கருத்தாண்டி.

மொக்கச்சாமி கண்ணை மூடி யோசித்தான். "மனுசியா இருக்க மாட்டேன்னா. என்னவா இருப்பான்னு சொல்லல."

"பேரு சொல்லலைல? அப்ப எல்லாம் நேருதான். அவ ஒன்னைய வர வேண்டாம்னு எங்க சொன்னா? எப்படி வரணும்னுல்ல சொல்லியிருக்கா. மூஞ்சி தெரியக் கூடாது, படிய மிதிக்கக் கூடாது, நெழலு விழக் கூடாது. இதுல என்ன கஷ்டம்?"

மொக்கச்சாமிக்கு உயிர் வந்தது. பேச்சிக்குத் தன்மேல் இவ்வளவு அக்கறையா என்று நெஞ்சு நிறைந்துவிட்டது.

உச்சி வெயிலில் மூவரும் மச்சான் வீட்டுக்குக் கிளம்பினார்கள். மொக்கச்சாமியின் தலையில் ஒரு கூடையைக் கழுத்துவரை கவிழ்த்தார்கள். கருத்தாண்டி அவனைத் தோளில் தூக்கிக்கொண்டான்.

"நெழலு எங்க விழுது?" என்று கூடைக்குள்ளிருந்து கேட்டான் மொக்கச்சாமி.

"என் மேலதான் விழுது. நீ கவலைப்படாத. ஆனா கனக்குது."

"நெழலா?"

"நீதான்."

வேலிப் படல் பக்கம் வந்ததும் உள்ளேயிருந்து சின்னக்காளை கத்தினார். "யாருய்யா அது? நாய் அவுந்து கெடக்கு! கடிக்கும்! அங்கேயே நில்லுங்க!"

ஒச்சப்பன் முகம் மலர்ந்தது. "மிருகம் வந்துருச்சு! உருவகம்! நாய்னு தன்னையத்தான் சொல்றாரு. பெரிய மனுசன், எவ்வளவு அடக்கமாப் பேசுறாரு பாரு."

"அப்ப கடிக்கும்ங்கிறது?"

"கொஞ்சம் கோவிப்பேன்னு அர்த்தம். வாங்க."

உருவகம் பாய்ந்து வந்து ஒச்சப்பனின் ஆடுசதையைக் கவ்வியது. சின்னக்காளை ஓடிவந்து இழுத்துக் கட்டுவதற்குள் வேட்டியில் பாதி போய்விட்டது.

"இது நெஜ நாயி மாதிரில்ல இருக்கு?" என்றான் கருத்தாண்டி.

"நாய் உருவகந்தான்," என்றான் ஒச்சப்பன், காலைப் பிடித்துக்கொண்டே. "பல்லு மட்டும் நேரு."

இந்தக் களேபரத்தில் கருத்தாண்டி படியைத் தாண்டி உள்ளே போய், முற்றத்தில் மொக்கச்சாமியை இறக்கிவிட்டான். கூடைக்குள் இருட்டு. மொக்கச்சாமி தடவிப் பார்த்தான். எதிரில் ஏதோ ஒன்று, குட்டையாக, அசையாமல் நின்றது. பேச்சி இன்னும் கோபமாகத்தான் இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டான். ஆட்டுரலைக் கட்டிக்கொண்டு அழ ஆரம்பித்தான்.

"பேச்சி, நீ சொன்னபடியே வந்திருக்கேன். எனக்குப் பால் வேண்டாம், சட்டி வேண்டாம். நீ இல்லாம வீடு வீடாவே இல்ல."

"வீடாத்தானே இருக்கு?" என்றான் கருத்தாண்டி. "காலையிலகூடப் பார்த்தேனே. கூரையெல்லாம் இருந்துச்சு."

"இல்லடா. எனக்கு அது வீடா இல்ல," என்றான் மொக்கச்சாமி.

ஒச்சப்பன் விரல் விட்டு எண்ணிப் பார்த்தான். மிருகமும் இல்லை, பறவையும் இல்லை. பேச்சு நேராகவும் இல்லை. இது என்ன வகை என்று அவனுக்குப் பிடிபடவில்லை.

அடுப்படி வாசலில் நின்ற பேச்சிக்குப் பிடிபட்டது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்த மனிதன் வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தை வந்ததில்லை. அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. ஓடிப்போய்க் கூடையைப் பிடுங்கி எறிந்தாள்.

"அண்ணே, பஞ்சாயத்தும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். நான் இவரோடயே போறேன்," என்றாள். பிறகு மொக்கச்சாமியைப் பார்த்தாள். கன்னமெல்லாம் உள்ளே ஒட்டிப் போயிருந்தது. கோபம் மாதிரி காட்டிக்கொண்டு, "மொகத்தப் பாரு! பட்டினி கெடந்து சாகவா பார்த்தீங்க? போங்க, கை காலக் கழுவிட்டு வந்து தொலைங்க. சோறு போடுறேன்," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

இலை போட்டாள். சோறு வைத்தாள். குழம்பு ஊற்றினாள். ஆளைக் காணோம். வெளியே வந்து பார்த்தாள். கிணற்றடி ஈரமாக இருந்தது. ஒச்சப்பனும் கருத்தாண்டியும் மட்டும் கை கட்டி நின்றார்கள்.

"எங்க அவரு?"

"கழுவியாச்சு. வந்தாச்சு. அடுத்ததுக்குப் போயிருக்கான்," என்றான் ஒச்சப்பன்.

தான் என்ன சொன்னோம் என்று பேச்சிக்கு அப்போதுதான் உறைத்தது. சின்னக்காளை ஒரு பக்கம், அவள் ஒரு பக்கமாகத் தேடினார்கள். தெருவில் எதிர்ப்பட்ட ஒருவர், "ஒங்க வீட்டு மாப்பிள்ளையா? இந்த ஊர்ல தொலையறதுக்கு நல்ல எடம் எதுன்னு கேட்டாரு. சோளக்காட்டைக் காட்டிவிட்டேன்," என்றார்.

ஆள் உயரச் சோளத்துக்கு நடுவே மொக்கச்சாமி கண்ணை இறுக மூடிக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தான். பேச்சி ஓடிப்போய் அவன் கையைப் பிடித்தாள்.

அவன் ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தான். முகம் வாடிவிட்டது.

"அதுக்குள்ள கண்டுபிடிச்சிட்டியே பேச்சி! கைய விடு. சோறு ஆறிப்போகும், நீ முன்னால போ. நான் ஒழுங்காத் தொலைஞ்சிட்டு ஒடனே வந்துடறேன்."