செவலையின் அரிப்பும் காத்தாயியின் தும்மலும்

அந்தக் காலத்தில் மரங்கள் தங்கள் பூந்தூளைக் காற்றில் விட்டதில்லை. வண்டு வந்து கேட்டால் கொடுக்கும், வராவிட்டால் பூவுக்குள்ளேயே வைத்துக்கொள்ளும். மனிதனுக்கும் நாய்க்கும் ஒரே பேச்சு. மரங்கூட எப்போதாவது வாய் திறக்கும். நாயின் மூக்குக்கு அப்போது எல்லையே கிடையாது. எந்த மலைக்கு அப்பால் மழை இறங்குகிறது என்று இருந்த இடத்திலிருந்தே சொல்லிவிடும். செத்துப்போனவர்கள் எந்த வழியாக நடந்து போனார்கள் என்பதும் அதற்குத் தெரியும். தெரிந்தாலும் அந்த வழியில் கால் வைக்கக் கூடாது என்பது நாய்க்குலத்தின் கட்டுப்பாடு.

மலையடிவாரத்தில் காத்தாயி என்று ஒருத்தி இருந்தாள். அவளும் புருஷன் சடையனும் ஆடு மேய்த்துப் பிழைத்தார்கள். பிள்ளைகுட்டி இல்லை. செவலை என்ற நாய்தான் அவர்களுக்குத் துணை.

ஒரு பங்குனி மாதத்தில், ஆடுகளைப் பட்டியில் அடைக்கும்போது ஒரு குட்டி குறைந்தது. மறுநாள் விடிந்ததும் சடையன் கலயத்தின் முன்னால் வந்து உட்கார்ந்தான்.

"கூழ் ஊத்து. குடிச்சிட்டுப் போய்த் தேடுறேன்."

"குட்டியைத் தொலைச்சவனுக்குக் கூழ் ஒரு கேடா?" என்றாள் காத்தாயி. "அது வந்தா நீயும் வா. இல்லாட்டி அங்கேயே கிட."

சடையன் எழுந்தான். பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் கம்பை எடுத்துக்கொண்டு போனான்.

உச்சிப்பொழுதில் குட்டி தானாகவே கத்திக்கொண்டு பட்டிக்கு வந்துவிட்டது. சடையன் வரவில்லை. செவலை போய்ப் பார்த்தபோது பாறை இடுக்கில் கிடந்தான். பாம்பு தீண்டிய கால் முழங்கால்வரை கறுத்திருந்தது. அக்கம்பக்கத்து ஆட்டுக்காரர்கள் தூக்கி வந்து, பொழுது சாய்வதற்குள் அடக்கம் செய்தார்கள்.

மூன்று நாள் காத்தாயி அழவில்லை. வந்தவர்கள் அழுதார்கள், அவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாலாம் நாள் விடியலில் எழுந்து கம்பங்கூழ் கரைத்தாள். கலயத்தில் ஊற்றி, மேலே ஒரு வெங்காயத்தையும் வைத்துத் துணியால் மூடினாள்.

"செவலை, அவரு போன வழியைக் காட்டு."

செவலை பின்னால் நகர்ந்தது. "வேண்டாம் ஆத்தா. எங்க குலத்துல யாரும் மிதிக்காத வழி அது."

"பட்டினியாப் போயிட்டாருடா. என் வாய்தான் அனுப்பிச்சுது. ஒரு வாய் குடிக்கக் கொடுத்துட்டுத் திரும்பிடுவேன்."

"நாளைக்கு யாராவது கேட்டா தப்பு உன்னோடது இல்லை, என்னோடதுன்னு ஆகும்."

"ஆகட்டும்னு விட்டுருவேனா? நான் இருக்கேன்ல?"

செவலை அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றது. குட்டியாக, கண் திறக்காமல் வந்த அதற்கு ஆட்டுப்பாலைத் துணியில் நனைத்து ஊட்டியவள் அவள். கடைசியில் அது மூக்கைத் தரையில் வைத்தது.

இரண்டு பேரும் நடந்தார்கள். பாறையைக் கடந்ததும் ஆட்டுத்தடம் முடிந்தது. அதற்கப்பால் யாரும் நடக்காத மண்.

"வாடை இருக்கா?" என்று காத்தாயி அடிக்கடி கேட்டாள்.

"இருக்கு. ஆட்டு ரோமம், வேர்வை. பசியோட வாடையும் இருக்கு."

சொல்லியிருக்கக் கூடாது என்று செவலைக்கு உடனே தோன்றியது. காத்தாயி கலயத்தை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

வெயில் ஏறியபோது வழியின் இரண்டு பக்கமும் மரங்கள் வந்தன. வேம்பும் புங்கும் பூத்து நின்றன. வரிசையின் கடைசியில் பெரிய வாகை மரம் ஒன்று. அதன் காய்ந்த நெற்றுகள் காற்றில் சலசலவென்று அடித்துக்கொண்டன. அதன் அடியில், புழுதியில், சடையனின் காலடி தெரிந்தது. இடது காலின் சுண்டுவிரல் மடங்கிய தடம். காத்தாயி ஓடினாள்.

"நில்" என்றது வாகை.

அவள் நின்றாள். "கூழ் கொண்டு வந்தேன். அவரு பசியோட போயிட்டாரு."

"அங்கே பசி கிடையாது, பெண்ணே. பசி இல்லாதவனுக்குக் கூழ் எதற்கு?"

"குடிக்காட்டியும் போகுது. நான் கொண்டு வந்தேன்னு தெரிஞ்சா போதும்."

"அங்கே நினைப்பும் கிடையாது. நீ திட்டியதும் அவனுக்குத் தெரியாது, அழைத்தாலும் தெரியாது."

காத்தாயி கலயத்தை மரத்தடியில் வைத்தாள். அங்கேயே உட்கார்ந்தாள்.

வாகை மற்ற மரங்களைப் பார்த்துச் சொன்னது: "இன்றைக்கு ஒருத்தி வந்துவிட்டாள். நாளைக்குச் சாவு விழுந்த வீட்டில் இருந்தெல்லாம் நாயைக் கூட்டிக்கொண்டு வருவார்கள். இந்த வழியை மூடிவிடுவோம்."

அது ஒருமுறை உதறிக்கொண்டது. வரிசையிலிருந்த அத்தனை மரங்களும் உதறின. அதுவரை பூவை விட்டு வெளியே வராத தூள், புகைபோல மஞ்சளாக இறங்கியது. சடையனின் காலடி மூடிப்போயிற்று. வாடை அறுந்தது. செவலை வீலென்று கத்திக்கொண்டு தரையில் புரண்டது. பாதத்தைக் கடித்தது, காதைப் பிறாண்டியது. வயிற்றுத் தோல் தீப்பட்டதுபோல் சிவந்தது.

"எரியுது ஆத்தா! எரியுது!"

காத்தாயியின் மேல் ஒரு துளி தூளும் படவில்லை.

"அவனை ஏன் வதைக்கிறீங்க? கூட்டி வந்தது நான்!"

"வழியைக் கண்டது அதன் மூக்கு" என்றது வாகை. "வருஷா வருஷம் நாங்கள் பூக்கும்போது அதன் குலம் இதை அனுபவிக்கும். உன்மேல் குற்றமில்லை. நீ வீட்டுக்குப் போகலாம்."

அவள் போயிருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் தன் பொருட்டு ஒருவன் வெறும் வயிற்றோடு போய்ச் செத்து நாலு நாள்தான் ஆகியிருந்தது. அடுத்தவனும் தன் கண்ணெதிரே துடிக்கிறான். காத்தாயி குனிந்து, இரண்டு கை நிறையத் தூளை அள்ளி, முகத்தில் வைத்து அழுத்தி, மூச்சை உள்ளே இழுத்தாள்.

தும்மல் வந்தது. ஒன்று, இரண்டு, பத்து என்று நிற்காமல் வந்தது. கண் சிவந்து, மூக்கு ஒழுகி, மூச்சு இரைத்தது.

"என்ன காரியம் செய்தாய்!" என்றது வாகை.

"ஆளுக்குப் பாதி" என்றாள் அவள்.

வாகையின் நெற்றுகள் ஆடின. "விட்டதைத் திரும்ப வாங்க எங்களால் ஆகாது. பாதி கேட்டாய், வைத்துக்கொள். உன்னைப்போல் நாயோடு நெஞ்சு ஒட்டிப்போனவர்களுக்கும் அந்தப் பாதி போய்ச் சேரும்."

காத்தாயி செவலையைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பினாள். வரிசையின் தொடக்கத்தில் நின்ற வேம்பு மெல்லக் கூப்பிட்டது.

"நானும்தான் கொட்டினேன். வாகை சொன்னால் நான் மறுக்க முடியாது. என் இலையைப் பறித்துக்கொண்டு போ. நோய் தீராது. எரிச்சல் கொஞ்சம் அடங்கும்."

வீட்டில் அவள் வேப்பிலையைப் போட்டுத் தண்ணீர் காய்ச்சி ஆறவைத்தாள். செவலையை முன்னால் நிறுத்திப் பாதம் பாதமாகக் கழுவினாள். விரலிடுக்கு, காதின் உட்புறம், அடிவயிறு என்று துடைத்துவிட்டாள். நடுநடுவே தும்மினாள்.

"நீயும் முகத்தைக் கழுவு ஆத்தா. கண்ணு ரத்தமாட்டம் இருக்கு" என்றது செவலை.

அது பேசிய கடைசிப் பேச்சு அதுதான். தூள் தொண்டையில் தங்கி, விடிவதற்குள் வார்த்தை வற்றிவிட்டது. அதற்கும் அதன் குலத்துக்கும் குரைப்பு மட்டும் மிஞ்சியது. துக்கம் கேட்க வந்தவர்கள், "இப்பவாவது அழுறாளே" என்று காத்தாயியைப் பற்றிப் பேசிக்கொண்டார்கள். கண்ணில் வடிவது தூளாலா துக்கத்தாலா என்று அவளுக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

அதற்கப்புறம் ஒன்பது பங்குனி அவள் செவலையைக் கழுவிவிட்டாள். பத்தாவது பங்குனியில் செவலை இல்லை. தும்மல் மட்டும் வந்தது.

மரங்கள் பூத்துக் காற்று திரும்பும் நாட்களில் நாய்கள் தூக்கமில்லாமல் பாதத்தைக் கடித்துச் சொறிவதும், வளர்க்கிறவர்கள் சிவந்த கண்ணோடு தும்மிக்கொண்டே அவற்றின் காலைத் துடைத்துவிடுவதும் அன்று முதல்தான்.