செம்பாயி அம்மையார் கேட்ட பழி

வெண்கரட்டூர் சிமெண்ட் ஆலையில் கூட்டிப் பெருக்கும் வேலை செய்தவர் செம்பாயி அம்மையார். ஆலை வாசலில் நிற்கும் செல்லியம்மனுக்குச் செவ்வரளி சாத்திக் கும்பிடாமல் ஒருநாளும் துடைப்பத்தைத் தொடமாட்டார்.

அந்த ஆலையின் உலை ஒரு தெரு நீளத்துக்கு இரும்பு உருளை. ஒருபக்கம் சற்றே சாய்ந்தபடி மெல்லச் சுழன்றுகொண்டே இருக்கும். மேல்முனையில் கொட்டும் கல்தூள் சுவரோடு ஏறும், சரியும், மறுபடி ஏறும். இப்படிச் சுற்றுக்குக் கொஞ்சமாக நெருப்பை நோக்கி நகர்ந்து, கீழ்முனையில் கனன்ற கட்டிகளாக உதிரும். அந்தக் கீழ்முனையில்தான் அம்மையாரின் கணவர் கலியன் வேலை பார்த்தார்.

ஒருமுறை தூள் உருகி உள்சுவரில் வளையமாக ஒட்டி, வழியை அடைத்துக்கொண்டது. பின்னால் வந்த தூளெல்லாம் குவிந்தது. உலையை நிறுத்தி ஆறவிட்டுத்தான் கீழ்முனைக் கதவைத் திறந்து வளையத்தை உடைக்கவேண்டும். மேலாளன் தணிகாசலம் பொறுக்கவில்லை. "தொறடா!" என்று அதட்டினான். கலியன் திறந்தார். வளையம் உடைந்தது. குவிந்த தூள் தீவெள்ளமாகப் பாய்ந்து அவரை விழுங்கியது.

"குடிச்சுட்டு அவனாத் தொறந்தான்" என்று சொல்லிவிட்டான் தணிகாசலம். ஊரும் நம்பியது. கலியனோ சாராயத்தை வாயில் வைத்தறியாதவர்.

அம்மையார் அழவில்லை. கணவர் வெந்த இடத்தையே கேட்டு வாங்கிக் கூட்டினார். "ஆத்தா, எம்புருசனத் தின்ன நெருப்புக்கு அவனையும் குடு" என்று அன்றாடம் அம்மனிடம் முறையிட்டார். குடிகாரன் பெண்டாட்டி சாபம் விடுகிறாள் என்று சிரித்தார்கள். பூசாரி சின்னையா மட்டும் தயங்கிச் சொன்னார்: "சாமிகிட்ட நல்லதாக் கேளு தாயி."

"நாயத்தத்தான் சாமி கேக்குறேன்."

மறுகோடையில் உலை மீண்டும் அடைத்துக்கொண்டது. கீழ்முனையில் நின்று ஆட்களை விரட்டிக்கொண்டிருந்தான் தணிகாசலம். திடீரென்று உருளைக்குள் இடி இடித்தது. கதவு பிய்ந்து, நெருப்புத்தூள் வெளியே சரிந்தது. எல்லாரும் ஓடினார்கள். தணிகாசலத்தின் கால் இரும்புப் படியில் மாட்டிக்கொண்டது.

"காப்பாத்துங்க!"

அம்மையார் எட்டும் தூரத்தில் இருந்தார். 'ஆத்தா குடுத்துட்டா' என்று நெஞ்சு துள்ளியது. அவன் வேகட்டும் என்று நின்றார். அடுத்த கணமே, உண்மையும் இவனோடு வெந்துபோகுமே என்று உறைத்தது. பாய்ந்து போனார். காலைப் பிடுங்கி அவனை இழுத்துப் போட்டார். கைகள் முழங்கைவரை பொசுங்கின.

அவன் கும்பிட்டான்.

"கையக் கீழ போடு! நீ செத்தா தப்பிச்சுக்குவ. எம்புருசன் பேர ஊருக்கு முன்னால கழுவிக் குடுத்துட்டுச் சாவு."

அவன் வீட்டோடு முடங்கினான். கட்டுப்போட்ட கைகளோடு அம்மையார் காலைதோறும் அவன் வீட்டு வாசலில் போய் நின்றார். அவன் கதவைச் சாத்தினான்; சோறு இறங்காமல் இளைத்தான். செல்லியம்மன் திருவிழாக் கூட்டத்தில் ஒருநாள் தானாக வந்து மண்ணில் விழுந்தான்.

"கலியன் குடிக்கல. தொறக்கச் சொன்னது நான். பொய் சொன்னதும் நான்தான்."

அங்கிருந்தே காவலர்கள் அவனை அழைத்துப் போனார்கள். அம்மையார் அவனை மன்னிக்கவில்லை. போகும்வரை கண்கொட்டாமல் பார்த்தார். பிறகுதான், கணவர் இறந்தபின் முதன்முறையாக, வாய்விட்டு அழுதார்.

அன்று வீதியுலாப் போன அம்மன் பல்லக்கு அம்மையாரின் குடிசை முன் நின்றுவிட்டது. எத்தனை பேர் தோள் கொடுத்தும் அசையவில்லை. சின்னையா குங்குமத் தட்டோடு ஓடிவந்தார்.

"வெளிய வா தாயி! ஒன்னையப் பாக்காம ஆத்தா நகரமாட்டேங்குறா."

அம்மையார் வந்து, பொசுங்கிய கைகளைக் கூப்பினார். பல்லக்கு பூப்போல எழும்பியது.

கோபத்தையே பூசையாக்கி, தெய்வத்தையே தம் வாசலில் காக்க வைத்த செம்பாயி அம்மையாரின் திருவடி வாழ்க.